அத்தான் ஏறிய தூரம்

அக்கா இறந்து பதினோராம் நாள் நாங்கள் குலாகா மலைக்குப் போனோம். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். இறந்தவர்களின் பெயரை எங்கள் வீட்டில் சொல்வதில்லை.

குலாகா, இந்தக் கடற்கரையின் பூர்வகுடிகளான எங்கள் பெண்களின் மலை. ஆண்கள் கால் வைக்கக் கூடாத இடங்கள் அங்கே உண்டு. அக்காவின் கணவர் மெர்வின் முப்பது வருடங்களாக எங்களை அடிவாரத்தில் இறக்கிவிட்டு, காரிலேயே ரேடியோ கேட்டுக்கொண்டு காத்திருப்பார். மேலே என்ன செய்தீர்கள் என்று அக்காவை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அன்றும் அவர்தான் ஓட்டினார். நானும் சித்தி மகள் கோராலியும் இறங்கியதும், அக்காவின் நீலக் கம்பளித் தொப்பியை என்னிடம் நீட்டினார். அவளுக்குக் காது குளிரும் என்றார்.

மேலே நடந்ததைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. தொப்பி அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

மதியத்துக்கு மேல் இறங்கி வந்தோம். ஒரு திருப்பத்தில், விழுந்து கிடந்த மரத்தின்மேல் மெர்வின் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. வலிக்கும் முழங்காலை நீட்டி வைத்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது.

"எதுக்கு அத்தான் ஏறினீங்க?"

"இதுக்கு மேல வரல, நோலீன். சத்தியமா." மேலே ஏறும் பாதையைப் பார்த்தார். "ஒங்கக்கா, மலைக்குப் போனா மூச்சு வாங்குதும்பா. ஒனக்கு வயசாச்சுடின்னு சிரிப்பேன். இந்த ஏத்தம்தானா அது?"

"இதுதான்."

கோராலிக்கு அவரைச் சீண்டாமல் இருக்க முடியாது. "இங்கயே உக்காந்துட்டீங்களா? அக்கா இந்த எடத்துல நின்னுகூடப் பாத்ததில்ல."

மெர்வின் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. பிறகுதான் அது அழுகை என்று தெரிந்தது. மருத்துவமனையிலோ அடக்கத்திலோ அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். மரங்களுக்கு அப்பால் கடல் வெளுத்துக் கிடந்தது.

அவரைத் தாங்கித்தான் இறக்கினோம். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அவரே ஓட்டினார். எங்கள் வீடுகள் இருக்கும் வாலகா ஏரிக்குத் திரும்பும் சாலை வந்தது. அவர் திரும்பவில்லை. நேரே பெகா ஊர்ப் பக்கம் போனார். கடைசி ஆறு வாரமும் அவர் தினமும் ஓட்டிய வழி அது, அக்கா படுத்திருந்த மருத்துவமனைக்கு.

கோராலி என் கையைப் பிடித்தாள். கோபார்கோ ஊரைத் தாண்டிய பிறகு அவரே வேகத்தைக் குறைத்து, ஒரு பண்ணை வாசலில் காரைத் திருப்பினார்.