கேமரா வைத்த பேர்

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள். உருவக் கேலியால் பிள்ளைகள் படும் பாட்டை ஊருக்கெல்லாம் காட்டப் போகிறார்களாம். நல்ல காரியந்தானே என்று ரஞ்சிதா டீச்சரும் தன் ஒன்பதாம் வகுப்புக்குள் விட்டாள்.

நிருபர் ஓம்பிரகாஷ் ஒரு நோட்டம் விட்டான். கொஞ்சம் பூசினாற்போல் இருந்த கௌசிகாவை எழுப்பி நிறுத்தினான்.

"இந்தப் பொண்ணை என்ன சொல்லிக் கிண்டல் பண்ணுவீங்க?"

பையன்கள் முழித்தார்கள். "கௌசிகான்னுதாங்க கூப்புடுவோம்."

"அப்படிச் சொன்னா நியூஸ் ஆகாது தம்பி. பலாப்பழம்னு சொல்லுங்க. மலைக்கும் பொருத்தமா இருக்கும்."

சொன்னார்கள். சிரிப்பு பத்தவில்லை என்று மறுபடியும் சொல்லச் சொன்னான். ரஞ்சிதா வாயைத் திறப்பதற்குள் கௌசிகாவின் கண் கலங்கிவிட்டது. இதற்காகத்தானே அந்த வெட்கங்கெட்டவன் மலையேறி வந்திருந்தான். "அப்படியே இரும்மா" என்று கேமராவைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னான்.

டிவியில் அவள் முகத்தை மட்டும் மறைத்திருந்தார்கள். வயிற்றை மறைக்கவில்லை. இடைவேளையில், கூச்சமே இல்லாமல், உடம்பு இளைக்கும் பவுடருக்கு விளம்பரம்.

மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர், சூதுவாது தெரியாத மனுஷன், பிரியமாகத்தான் சொன்னார்: "பலாப்பழம், கொஞ்சம் உள்ள போ கண்ணு."

பஸ்ஸே சிரித்தது. கௌசிகா புத்தகப் பையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அதே பஸ்ஸில் வந்த ரஞ்சிதா எழுந்து அவளைத் தன் சீட்டில் உட்கார வைத்தாள்.

செல்போன் அடித்தது. ஓம்பிரகாஷ்தான்.

"மேடம், செம ரெஸ்பான்ஸ். அடுத்த வாரம் பசங்களை வெச்சுப் பண்றோம். எலும்பும் தோலுமா ஒருத்தன் இருந்தா எடுத்து வைங்க."