ஏழு நாள் நல்லவர்கள்

அந்த ஆண்டு, ஆய்வகத்தில் வளர்த்த கருவைப் பசுக்களின் வயிற்றில் வைக்கும் மாட்டுக் கருமாற்று நிலையத்தின் கணக்கில் பிறந்த பதினேழு கன்றுகளில் பதினொன்று, காகிதத்தை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டன. பண்ணைக்காரர்கள் புகாரோடு வந்தபோது, ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் பதிவேட்டைப் புரட்டிக் காரணத்தைக் கண்டுபிடித்தாள். கூரை ஒழுகிய மாதத்தில் அந்தப் பதினொரு கருக்களும் இருந்த இன்குபேட்டரைத் தலைமை எழுத்தரின் மேசைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்தார்கள். ஏழு நாள் அங்கேயே இருந்தன. தலைமை எழுத்தர் முப்பது வருட சர்வீஸில் யார் நீட்டிய காகிதத்தையும் முதல் தடவையிலேயே வாங்கியவர் இல்லை. இயக்குநர் கோப்பில் ‘கண்டேன்’ என்று எழுதி, மேசையை அடுத்த அறைக்கு மாற்றச் சொன்னார். மறு ஆண்டுக் கன்றுகள் காகிதத்தைக் கண்டதும் தின்றன. எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது.

ஆய்வகப் பெண்ணுக்கு மட்டும் நிம்மதி போய்விட்டது. கல்யாணமாகிப் பதினொரு வருடமாகியும் குழந்தை இல்லை. வந்தாலும் அந்த வீட்டில் எப்படிப்பட்டதாக வரும் என்று இப்போது கவலை வந்தது. வீடு என்பது ஒரு கூடமும் ஒரு சமையலறையும். பஸ் மெக்கானிக்கான கணவன் வாயே திறக்கமாட்டான். அவன் திறக்காததையும் சேர்த்து மாமனாரும் மாமியாரும் திறந்தார்கள். மாமனார் ஓய்வுபெற்ற கண்டக்டர். நாற்பது வருடமாக மனைவியைப் படியில் தொங்கும் பயணியைப் போலவே அதட்டி வந்தார். மாமியாரும் இறங்குகிற ஆளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினாள். கரு உண்டான முதல் சில நாளில், அம்மாவும் அப்பாவும் மரபணுமேல் வைத்தனுப்பிய குறிப்புகளில் பெரும்பகுதி அழிந்துபோகும், எதைத் திறப்பது எதை மூடுவது என்று அதற்கப்புறம் புதிதாக எழுதப்படும், அந்த நேரத்தில் பக்கத்தில் என்ன நடக்கிறதோ அதுவும் அதில் ஏறிவிடும் என்றாள். மாமியார் யோசித்தார்.

“அப்போ வீடு அதேதான். பூட்டு மட்டும் வேற.”

“ஆமா அத்தை.”

“எத்தனை நாளு?”

“மாசத்துக்கு ஏழு நாள் நல்லபடியா இருந்தா போதும்.”

மாமனார் காலண்டரை வாங்கித் தானே வட்டம் போட்டார். அந்த ஏழு நாளும் அவர் மனைவியை ‘வாங்க, போங்க’ என்றார். மாமியார் தட்டை ஓசையில்லாமல் வைத்தார். கணவன் தினம் மூன்று வாக்கியம் பேசினான்; அதில் ஒன்று பெரும்பாலும் பஸ்ஸைப் பற்றியது. அடக்கிவைத்த கோபத்தில் கூடத்தின் சுவர்கள் வெளிப்புறமாகப் புடைத்தன, ஜன்னல் கதவு சட்டத்தில் பொருந்தவில்லை. எட்டாம் நாள் காலை ஏழு நாள் சண்டையும் மொத்தமாக வெடிக்கும், பாத்திரம் பறக்கும், மத்தியானத்துக்குள் சுவர்கள் பழைய இடத்துக்கு வந்துவிடும். தெருக்காரர்கள் அந்த வீட்டுச் சத்தத்தை வைத்துத் தேதி தெரிந்துகொண்டார்கள். பதின்மூன்று மாதம் இப்படிப் போனது. ஒன்றும் தங்கவில்லை.

பதினான்காம் மாதம், அந்த ஏழு நாளில் மூன்றாம் நாள், அவளுடைய அண்ணன் சுருட்டிய பாயும் ஒரு டேபிள் ஃபேனுமாக வாசலில் வந்து நின்றான். தங்கையின் கல்யாணத்துக்கே வராதவன். மெக்கானிக்குக்குப் பெண் கொடுப்பதில் அவனுக்குச் சம்மதமில்லை. இப்போது அவன் மனைவி அவனை வெளியே அனுப்பிவிட்டாள். குறை சொல்லாமல் அவனுக்கு மூச்சுவிடத் தெரியாது என்பது அவள் கட்சி. மாமனார் ஏழு நாள் மரியாதையோடு வழி மறித்தார்.

“தம்பி, தப்பா நினைக்காதீங்க. அஞ்சு நாள் கழிச்சு வாங்களேன்.”

அண்ணன் கையிலிருந்த ஃபேனைப் பார்த்தான். தங்கை கதவுக்குப் பின்னால் நின்றாள். உள்ளே ஏதாவது இருந்தால் இந்நேரம் நாலு செல்லோ எட்டு செல்லோ. பழையதை அழித்துவிட்டு, எழுதுவதற்குத் தயாராகக் காத்திருக்கும். இவனை உள்ளே விட்டால் பதின்மூன்று மாதப் பாடும் வீண். கன்றுகளின் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இருந்தும் அண்ணன் செருப்பைக் கழற்றாமலே திரும்பி நடக்கத் தொடங்கியதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“உள்ள வாண்ணா. மாமா, கொஞ்சம் தள்ளிப் படுங்க.”

மாமனார் தள்ளினார். அதனால் மாமியார் தள்ள வேண்டியதாயிற்று, மாமியார் தள்ளியதில் கணவன் பீரோவோடு ஒட்டிக்கொண்டான். அண்ணன் பாயை விரித்துப் படுத்து, கூரை ஃபேனைப் பார்த்து ‘ச்ச்’ என்றான். காற்று இடதுபக்கமே போகிறதாம். அந்த ஃபேனை மாட்டியவர் மாமனார். ஐந்தாம் நாளே பொறுமை உடைந்தது. இரண்டு பேரும் ஸ்டூல்மேல் ஏறி நின்று ஃபேனைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். கீழே மாமியார் இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டார். நாலாவது வாக்கியம் ஒன்றைக் கணவன் சொன்னான்: “ரெண்டு பேரும் இறங்குங்க, நான் பாக்குறேன்.” எல்லாம் கெட்டது என்று தெரிந்ததும் ஆய்வகப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. வயிறு வலிக்கும்வரை சிரித்தாள். சுவர்கள் அன்று அசையவே இல்லை.

அந்த மாதம்தான் கரு தங்கியது.

ஒன்பது மாதமும் அவள் பயந்துகொண்டேயிருந்தாள். அண்ணனை அவன் மனைவி நாலாம் மாதமே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டாள். அவன் போகவும் வரவுமாக இருந்தான். குழந்தை பெண். பிறந்ததும் அழுதது, கண்ணைத் திறந்து ஆஸ்பத்திரி ஃபேனைப் பார்த்து ‘ச்ச்’ என்றது. பிறகு நர்ஸ் கட்டிலோரம் வந்து குனிந்தபோது, ஒரு சாண் இடதுபக்கம் நகர்ந்துகொண்டது. நர்ஸ் பதிவேட்டில் எடை மூன்று கிலோ என்றும், குறிப்பு என்ற கட்டத்தில் ‘இடம் விடுகிறது’ என்றும் எழுதினாள். வீட்டிலும் அப்படியே. யார் பக்கத்தில் வந்தாலும் ஒரு சாண் நகரும். கூட்டம் வந்தால் ஓரத்துக்கே போய்விடும். மாமனார் கட்டிலின் இரண்டு பக்கமும் பலகை அடித்தார். வேறு ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை.