தடைப்பட்டியலில் சிவமணி

வெள்ளவத்தையில் ஒரு பல் கிளினிக்கின் மேல்மாடியில் உஷாந்தியின் அலுவலகம் இருந்தது. செத்தவீடுகளை வெளிநாட்டு உறவினர்களுக்கு நேரலையாகக் காட்டுவதுதான் அங்கே வேலை. ஹபீஸ் கமராவோடு பிரேதம் வைத்திருக்கும் மலர்ச்சாலைக்குப் போவான். உஷாந்தி அலுவலகத்தில் இருந்து நேரலையை அனுப்பும் சேர்வரைப் பார்த்துக்கொள்வாள்.

அன்று இராசரத்தினம் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியரின் இறுதிக் கிரியை. கனடாவிலும் லண்டனிலும் பலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணம் இடிக்கும் சடங்கு நடந்த நேரத்தில் அலுவலகத் தொலைபேசி அடித்தது.

“பிள்ளை, நான் சிவமணி. நோர்வேயில இருந்து கதைக்கிறன். செத்துப்போனவர் என்ர அண்ணை. எனக்கு ஒண்டும் வருதில்லை.”

இடுப்பில் ஒப்பரேஷன் செய்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பதால்தான் கொழும்புக்கு வர முடியவில்லை என்றார். “உள்ள வாறதுக்குத் தந்த உந்தக் கோட் நம்பரை நாலைஞ்சு தரம் பிழையா அடிச்சுப்போட்டன். கண்ணாடி வீட்டில. இப்ப சுத்திக்கொண்டே கிடக்கு.”

உஷாந்திக்கு விளங்கிவிட்டது. போன மாதம் யாரோ அந்நியர்கள் ஒரு செத்தவீட்டு நேரலைக்குள் புகுந்து கெட்ட வார்த்தைகள் எழுதிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவளும் ஹபீஸும் ஒரு விதி போட்டிருந்தார்கள். கோட் நம்பரைத் திரும்பத் திரும்பப் பிழையாக அடிப்பவரின் இணைய முகவரி எண் தானாகவே தடைப்பட்டியலுக்குப் போய்விடும். சேர்வர் சிவமணியைக் களவாக நுழைய வந்தவர் என்று எண்ணிக் கதவை மூடியிருந்தது.

“பயப்பிடாதேங்கோ அன்ரி, நான் திறந்து விடுறன்.”

அவருடைய இணைய முகவரி எண்ணை எந்தப் பக்கத்தில் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். சிவமணி பக்கத்துக் கட்டில்காரியின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். உஷாந்தி அதை அனுமதிப்பட்டியலில் சேர்த்தாள்.

“இப்ப பாருங்கோ.”

“இல்லைப் பிள்ளை. அப்பிடியேதான்.”

எண்ணைச் சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஹபீஸின் கைத்தொலைபேசிக்கு அழைத்தாள், அவன் எடுக்கவில்லை. பக்கத்துத் திரையில் பெண்கள் வரிசையாக வந்து பெட்டியைக் குனிந்து பார்த்தார்கள்.

“இப்ப என்ன செய்யினம்?” என்று சிவமணி கேட்டார்.

“வாய்க்கரிசி போடினம், அன்ரி.”

“அப்ப முடியப்போகுது.” “அண்ணை எப்பிடி இருக்கிறார்?”

“பட்டுச் சால்வை போட்டிருக்கினம். முகம் வழிச்சிருக்கு.”

“தாடியை எடுத்துப்போட்டினமோ?”

உஷாந்தி விதிகளை மேலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். பிழை அங்கேதான் இருந்தது. சேர்வர் விதிகளை மேலிருந்து கீழே பார்த்துவரும். முதலில் எது பொருந்துகிறதோ, அதோடு நின்றுவிடும். தடை மேலே இருந்தது. அவள் கொடுத்த அனுமதி எல்லாவற்றுக்கும் கீழே போய் உட்கார்ந்திருந்தது. அங்கே வரை சேர்வர் வரவே இல்லை. அனுமதியை மேலே தூக்கிப் போட்டாள்.

“வருது பிள்ளை, வருது.” பிறகு குரல் மாறியது. “ஒருத்தரையும் காணேல்லையே.”

உஷாந்தி பக்கத்துத் திரையைத் திரும்பிப் பார்த்தாள். மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் மட்டும் இருந்தன. ஹபீஸ் வயர் சுற்றிக்கொண்டிருந்தான்.

“முழுக்கப் பதிவாகியிருக்கு, அன்ரி. இப்பவே அனுப்புறன்.”

“அது முடிஞ்சுபோனதெல்லோ, பிள்ளை. அந்த நேரம் நானும் அங்க நிக்கவேணும் எண்டுதான் ஆசைப்பட்டனான்.”

ஹபீஸ் திருப்பி அழைத்தான். “போன் சைலன்ட்ல ஈந்திச்சி அக்கா. கனத்தை மயானத்துக்கு கொண்டு போய்ட்டாங்க.”

உஷாந்தி சிவமணியின் வாட்ஸ்அப் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு கீழே இறங்கி ஒரு திரீவீலரை மறித்தாள். “கனத்தட்ட, மல்லி. டிக்கக் இக்மனட்ட,” என்று கொஞ்சம் கெதியாகப் போகச் சிங்களத்தில் சொன்னாள். சாரதி காலி வீதி நெரிசலை விட்டுக் குறுக்குச் சந்துகளால் ஓட்டினான்.

தகன மேடைக்கு முன்னால் ஆண்கள் மட்டும் நின்றார்கள். அவள் வாட்ஸ்அப்பில் சிவமணியை வீடியோவில் அழைத்து, ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போய், செத்தவரின் மகன் ஹரிசனிடம் தொலைபேசியை நீட்டினாள். அவன் ஈர வேட்டியோடு நின்றான்.

“மாமி, பெட்டி மூடி ஆணியும் அடிச்சாச்சு,” என்றான்.

“தெரியும் அப்பன். எனக்காக ஒருக்காப் பெட்டியில கையை வை.”

ஹரிசன் கையை வைத்தான். தலைமாடு எது, கால்மாடு எது என்று அவனுக்குச் சட்டென்று தெரியவில்லை. கையை நடுவில் வைத்தான். அதுவரை அழாமல் இருந்தவன் அங்கேயே குலுங்கி அழுதான். அத்தனை தொலைவில் கட்டிலில் கிடந்தபடி சிவமணி, “அழு, அழு,” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். உஷாந்தி தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். பெட்டி உள்ளே போய்க் கதவு மூடியது.

ஆண்கள் கலைந்த பிறகும் சிவமணி இணைப்பைத் துண்டிக்கவில்லை.

“நீங்கள் போங்கோ பிள்ளை. வேலை இருக்கும்.”

“இல்லை அன்ரி, நிக்கிறன்.”

ஒரு மரத்தின் கீழே நின்று, புகைபோக்கி தெரியும்படி தொலைபேசியைப் பிடித்திருந்தாள்.

அன்று பின்னேரம் உஷாந்தி பதிவைச் சிவமணிக்கு அனுப்பினாள். பிறகு அவளும் ஹபீஸும் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இனி யாராவது கோட் நம்பரைப் பிழையாக அடித்தால் சேர்வர் தானாகத் தடுக்காது, அலுவலகத்துக்கு அறிவிக்கும். அவர்களில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து ஆளை விசாரிப்பார்.

சில நாட்களின் பின் சிவமணி தொலைபேசியில் அழைத்தார். தடி பிடித்துக் கழிவறை வரை நடக்கிறாராம். ஹரிசன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானோ தெரியவில்லை என்று கவலைப்பட்டார். அனுப்பிய பதிவைப் பார்த்தாரா என்று உஷாந்தி கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.