மச்சானுக்கு மச்சான்

குமுளி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து திலீபன் செத்துப்போனான். வகுப்பில் விஜயபாண்டிக்கும் ஷேக் மைதீனுக்கும் நடுவில் உட்காருகிறவன். இரண்டு பேரையும் வாய் நிறைய "மச்சான்" என்பான். அவன் ஒருவனுக்காகத்தான் அந்த இருவரும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டார்கள்.

ஊரே அழுதாலும் டிஸ்கிரீட் மேத்ஸ் வீட்டுப்பாடம் நிற்குமா? விஜயபாண்டிக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. வேண்டாவெறுப்பாக ஷேக் மைதீனிடம் போய் உட்கார்ந்தான்.

"டிரான்சிட்டிவ்னா என்னடா?"

"உன் அண்ணனுக்கு அண்ணன் உனக்கும் அண்ணன்தான? அப்படி ஒரே உறவு தாண்டிப் போகணும். போகாத உறவு ஒண்ண உதாரணமா எழுதச் சொல்லியிருக்காக."

விஜயபாண்டி பேனாவைக் கடித்தான்.

"மச்சான்னு எழுதலாமா? மச்சானுக்கு மச்சான் நமக்கு மச்சான் ஆக மாட்டான். பங்காளிதான் ஆவான்."

"சரியான விடை" என்று சொல்லி அதை எழுதத் தொடங்கிய ஷேக் மைதீன் பாதியில் நிறுத்தினான்.

"எனக்குத் திலீபன் மச்சான். அவனுக்கு நீ மச்சான்."

இரண்டு பேரும் தலையை நிமிர்த்தவில்லை. வெளியே கூடலூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"நாளைக்குக் கருமாதி" என்றான் ஷேக் மைதீன். "அவுக அம்மா நம்மளத் தேடுவாக. வர்றியா?"

விஜயபாண்டி பேனாவை மூடி வைத்தான்.

"ஒத்தையில எப்படி அந்த வீட்டுப் படி ஏறுறதுன்னுதான் கெடந்தேன், பங்காளி."