சட்டைப் பொத்தான் அளவு சூடு

மகளின் இடது கன்னத்தில் பரு முளைத்தது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை மூக்குக்கண்ணாடிக் கடையில் நேர்முகம். முன்மேசைக்கு ஒரு பெண் வேண்டுமாம். வருகிறவர்களுக்கு எதிரே உட்கார்ந்து, ஃபிரேமை மாட்டிவிட்டு, முகத்துக்கு முகம் பேசுகிற வேலை.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் படுக்கைவிரிப்பை ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் துப்பும் சூட்டு உருளைக்கு முன்னால் பதினாறு வருடமாக நிற்கிறாள். துப்பிய விரிப்பை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்து மடிக்க வேண்டும். சேர்ந்த புதிதில் கை கொப்புளித்தது, உடைந்தது, காய்த்தது. இப்போது உள்ளங்கை செருப்புத் தோல்தான். "பொண்ணு சும்மாதானே இருக்கு, கூட்டிட்டு வாயேன்" என்று சூப்பர்வைசர் இரண்டு தரம் கேட்டுவிட்டார். கண்ணாடிக் கடை கைவிட்டால் மூன்றாம் தரம் கேட்கும்போது கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் மகள் சிநேகிதியிடம் ஒரு கருவியை இரவல் வாங்கி வந்தாள். பேனாவைவிடச் சற்றுத் தடிமன். முனையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தகடு. விசையை அழுத்தினால் தகடு சூடாகும். பருவின்மேல் வைத்தால் இரண்டரை நிமிடத்தில் கீச்சென்று கத்தி அணைந்துவிடும்.

"இதை வச்சா அமுங்கிடுமா?"

"அவளுக்கு அமுங்குச்சாம்."

"அவளுக்கு எதுதான் அமுங்கல. இங்க குடு."

அம்மா கட்டைவிரலைத் தகட்டில் வைத்துப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தாள்.

"என்னடி இது, தண்ணியில கெடந்த கல்லாட்டம் இருக்கு. பொம்மையைக் குடுத்து அனுப்பிட்டாளா?"

"எனக்குச் சுடுதும்மா."

"உனக்கு டீ டம்ளரே சுடும்."

முதல் முறை வைத்து எடுத்தபோது பரு அப்படியே இருந்தது. சலவைக்கூடத்தில் சுருக்கம் போகாத விரிப்பை மறுபடி உருளைக்குள் விடுவார்கள். அதற்கும் போகாவிட்டால் இன்னொரு தரம். அம்மாவுக்குத் தெரிந்த வழி அதுதான். அணைந்த கருவியை உடனே முடுக்கி அதே இடத்தில் வைத்தாள். மகள் தலையைப் பின்னுக்கு இழுத்தாள். அம்மா அவள் பின்னந்தலையை மறு கையால் பிடித்துக்கொண்டாள்.

"எரியுதும்மா."

"எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஆடாம இரு."

ஐந்து முறை வைத்தாள்.

காலையில் கன்னத்தில் அச்சுக் குத்தியதுபோல் ஒரு வட்டம். நடுவில் நீர் கோத்த கொப்புளம். அதற்கு அடியில் பரு பத்திரமாக இருந்தது. மகள் கண்ணாடியை விட்டு நகரவில்லை. திட்டியிருந்தால் அம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அம்மா கொண்டுபோன கருவியை மருந்துக்கடைக்காரர் வாங்கி முடுக்கினார். மணிக்கட்டின் உள்பக்கம் வைத்தவர் சில நொடியில் வெடுக்கென்று எடுத்தார்.

"சரியாத்தானே சுடுது. நீங்க எங்க வச்சுப் பாத்தீங்க?"

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"இந்தக் கையை வச்சுப் பாத்தா அடுப்பே பச்சைத்தண்ணிதான், அக்கா."

"சாமான் நல்லதா கெட்டதா, அதைச் சொல்லுங்க."

"அப்பதான் தலைகாட்டுற ஒண்ணு ரெண்டு பருவுக்கு, சொன்ன நேரம் மட்டும் வச்சா, ஒருநாள் முன்னாடி அமுங்கலாம். அமுங்காமலும் போகலாம். உள்ளே ஊறிக் கெடக்கறதுக்கு இது ஒண்ணும் பண்ணாது. அதுக்குக் களிம்பு இருக்கு, வாரக்கணக்குல பொறுக்கணும்."

"நாளைக்குள்ள இது மறைஞ்சிடுமா?"

"மறையாது. பவுடர் கிவுடர் அப்பிடாதீங்க, சீழ் புடிச்சிடும்."

வெள்ளிக்கிழமை அம்மா அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கடைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றாள். கண்ணாடிச் சுவர் வழியாக எல்லாம் தெரிந்தது, எதுவும் கேட்கவில்லை. கடைக்கார அம்மாள் தன் கன்னத்தைத் தொட்டு ஏதோ கேட்டாள். மகளின் வாய் அசைந்தது. பிறகு இரண்டு பேரும் எழுந்து உள்ளே போனார்கள். மூன்று பஸ் வந்து போயின. நான்காவது வந்து தெருவை மறைத்துக்கொண்டு நின்றது. அது நகர்ந்தபோது மகள் எதிரே வந்துகொண்டிருந்தாள்.

"என்ன கேட்டாங்க?"

"கன்னத்துல என்னன்னு கேட்டாங்க. பருவுக்குச் சூடு வச்சுக்கிட்டேன்னு சொன்னேன்."

வச்சுக்கிட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். அம்மா வச்சா என்று சொல்லவில்லை.

"வேலை?"

"இது ஆறுற வரைக்கும் முன்மேசை வேணாமாம். பின்னாடி ரூம்ல ஃபிரேமைச் சூட்டுக்காத்துல காட்டி வளைக்கணும். ஒரு மாசம் பாத்துட்டு முன்னாடி போடுவாங்களாம்."

"போடுவேன்னு சொன்னாங்களா, பாக்கலாம்னு சொன்னாங்களா?"

"பாக்கலாம்னு."

"சூட்டுல கையால புடிக்கணுமா?"

"கைக்கு உறை குடுப்பாங்களாம்."

"எங்களுக்கும்தான் குடுத்தாங்க. அதைப் போட்டா வேலை ஓடலைன்னு ஒவ்வொருத்தியா கழட்டி வச்சோம். போட்டிருந்தவளைப் பாத்துச் சிரிச்சோம்."

மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கக் கையைத் தூக்கியவள் பாதியில் நிறுத்தினாள். கையைத் திருப்பி, மணிக்கட்டின் உள்பக்கத்தைப் புண்ணுக்கு அருகே மெல்ல வைத்தாள்.

"இன்னும் சுடுதுடி."

"வெயில்ல நின்னா யாருக்கும் சுடும்."

பஸ் வந்தது. மகள் படியில் கால் வைக்கும்போது அம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"உறையைக் கழட்டாத. எவ சிரிச்சாலும் கழட்டாத."