சாம்பிள் பீஸ்

விடியுமுன்னே அம்மையார்குப்பத்தில் கிளம்பும் கம்பெனி வேன் ஆர்.கே.பேட்டையைத் தொட்டுக்கொண்டு திருத்தணிக்கு வந்து சேரும்போது, மலைமேல் கோயில் விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருக்கும். இறங்கியதும் வளையலைக் கழற்று, பூவை எடு, பொட்டை அழி, முடியைத் தொப்பிக்குள் திணி. பொட்டை அழிக்கச் சொன்ன முதல் நாள் அழுதவர்கள் உண்டு. அப்புறம் ஏசிக் குளிர். விரல் மரத்துப்போகும், ஆனால் ஊசி தவறக் கூடாது. விளக்கடியில் குனிந்து, துணிக்குழாய்மேல் கம்பி வளையங்களை வைத்துத் தைப்போம். மத்தியானம் நிமிரும்போது இந்தக் கழுத்து நம்முடையதுதானா என்று சந்தேகம் வரும்.

வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் சிலருக்கு வீங்கிவிடும். வெடித்தால் ஆள் காலி. அதற்குள் வைக்கிற குழாயைத்தான் நாங்கள் தைக்கிறோம். அதைச் சுருட்டி, பென்சில் தடிமனில் ஓர் உறைக்குள் அடைத்து, கைப்பிடி பொருத்தி அனுப்புவோம். டாக்டர் அதைத் தொடை வழியாக உள்ளே விட்டு, கைப்பிடியில் இருக்கும் சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டுவார். உறை பின்வாங்கும்; குழாய் விரிந்து உட்காரும். சக்கரம் லேசாக உருள வேண்டும். இறுகினால் டாக்டர் அழுத்துவார். அழுத்தினால் குழாய் துள்ளி இடம் மாறும். இறுகாமல் இருக்கத்தான் உறைக்குள் வழவழப்பு மருந்து பூசி ஒரு நாள் முழுக்கக் காய வைப்பது.

ஆர்டர் குவிந்ததும் அதற்கு வந்தது கேடு. காலையில் பூசின உறை மத்தியானமே எங்கள் மேசைக்கு வந்தது. "ஈரமா கீது சார்" என்றால், "டெஸ்ட்ல பாஸாவுதில்ல? வேலையப் பாரு" என்பான் சூப்பர்வைசர் சந்திரமோகன். பாஸாகிக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொருத்தி தட்டிலிருந்தும் ஒரு பீஸை எடுத்துப் போய், வெந்நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்க்குள் விரித்துப் பார்ப்பார்கள். ஒன்றுகூட இறுகவில்லையாம். நமக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டோம்.

தமிழ்செல்விக்கு மட்டும் தனி மேசை, நன்றாகக் காய்ந்த உறை. சந்திரமோகன் அவள் அக்கா புருஷன்; 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். "ஒன் கைக்கு ஏது ஈடு? பொறுமையா செய்யி. ஒன்னுது எல்லாம் வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போவுது" என்று சொல்லி உட்கார வைத்திருந்தான். அவள் பெருமை சொல்லி மாளாது. எங்களுக்கும் அவளைப் பிடிக்கும். இடக்கைக்காரி, நாங்கள் போடும் முடிச்சு வலப்பக்கம் சாய்ந்தால் அவள் முடிச்சு இடப்பக்கம் சாயும். "நொட்டாங்கை ஏரோப்ளேன் ஏறுது பாரு" என்று கேலி செய்தால் சிரித்துக்கொண்டே போவாள்.

போன வாரம் அந்தச் செய்தி வந்தது. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் சக்கரம் இறுகி, குழாய் துள்ளி, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயின் வாயை அடைத்துவிட்டது. ஆள் பிழைத்தார், சிறுநீரகம் ஒன்று போயிற்று. பெட்டியில் இருந்த எண் ஞானம்மாளின் தட்டுக்குரியது.

ஞானம்மாள் என் பக்கத்து மேசை. தறி நின்றுபோன வீடு. அவள் வேலையில்தான் அங்கே உலை கொதிக்கிறது. அவளை ஹாலுக்கு நடுவே நிறுத்தி, 'என் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போகச் சொன்னார் முதலாளி சடகோபன்.

"என் தட்டு டெஸ்ட்ல பாஸாச்சே சார்?"

"பாஸாச்சு. அதனாலதான் கேக்கறேன். சாம்பிள் நல்லா இருக்கு, இது மட்டும் எப்படிக் கெட்டுது? நீ அலட்சியமா அடைச்சிருக்கே."

"எங்க, அந்த சாம்பிளக் காட்டுங்க பாப்போம்."

சந்திரமோகனுக்குத் தயக்கமே இல்லை. விரித்துப் பார்த்த பீஸ்களைத் தட்டுவாரியாகப் பையில் போட்டு வைத்திருப்பார்கள். ஞானம்மாள் தட்டுக்கான பையைக் கொண்டு வந்து மேசையில் போட்டான். ஊசியே பிடிக்காதவனுக்கு, தையலைப் பார்த்தால் கை தெரியும் என்று எப்படித் தோன்றும்?

ஞானம்மாள் அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தமிழ்செல்வியைப் பார்த்தாள்.

"ஒனக்கு இன்னாடி பண்ணேன் நானு?"

முடிச்சுகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

சாம்பிள் அலமாரியிலிருந்து மற்ற பைகளையும் பறித்துக் கொட்டினோம். என் பை, மோகனப்ரியா பை, எல்லாவற்றிலும் அதே கை. ஈர உறையில் நாங்கள் அடைத்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்கு; காய்ந்த உறையில் அவள் அடைத்ததெல்லாம் டெஸ்டுக்கு. அட பாவிகளா! நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தோம்.

தமிழ்செல்வி வெளுத்துப்போயிருந்தாள். "பாவா, கண்காட்சிக்குனு சொன்னீங்களே?"

"ஏய், அத்த ஊட்ல பேசிக்கலாம்."

"இங்கயே பேசு. என் கையாலயே இவங்களக் கெடுத்துட்டியே, நீ நல்லா இருப்பியா?" அவனை அவள் 'நீ' என்று சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

சடகோபன் தமிழ்செல்வியிடம் குரலைத் தணித்தார். "இங்க பாரும்மா, நாளையிலேர்ந்து நீதான் லைன் லீடர். ஞானம்மா ஒருத்தி போனா மத்தவங்களுக்கு வேலை நிலைக்கும். இது வெளியே போச்சுன்னா கம்பெனியை மூடணும். அப்புறம் எல்லாரும் தறியிலயா போய் உக்காருவீங்க?"

பாதிப் பேர் வீட்டில் தறியை விற்றாகிவிட்டது. பொய் எதற்கு, பயந்தோம்.

தமிழ்செல்விதான் வாய் திறந்தாள். "மத்தியான வண்டியில போற பெட்டிங்க எல்லாம் ஈரத்துல அடைச்சதுதான சார்?"

"அது உன் கவலை இல்ல."

"யாரு வயித்துக்குள்ள போவுதோ, அவங்களுக்கு யாரு சார் கவல? ஆஸ்பத்திரிக்கும் ஆபீசருங்களுக்கும் நானே எழுதித் தரேன், சாம்பிள் எல்லாம் என்னுதுனு. என்னை உள்ள தூக்கிப் போட்டாலும் போடட்டும்."

தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே நடந்தாள். பிறகு மோகனப்ரியா ஊசியைக் கீழே வைத்தாள். நான் வைத்தேன். ஒவ்வொருத்தியாகக் கிளம்பினோம்.

வாசலில் நின்று மோகனப்ரியாதான் சொன்னாள்: "ஞானம்மாக்கா வேலையில இருக்கணும். உறை முழு நாளும் காயணும். சாம்பிள எங்க கண்ணு முன்னால எடுக்கணும். போன பெட்டியெல்லாம் திரும்பி வரணும்."

"எத்தனை நாள் தாங்குவீங்க?" என்றார் பின்னாலேயே வந்த சடகோபன்.

"தெரியலீங்க. நீங்க எத்தினி நாளு மறைப்பீங்க?"

கேட்டுக்குக் குறுக்கே வெயிலில் வரிசையாக உட்கார்ந்தோம். ஒருத்தி தொழிலாளர் சங்கத்துக்குப் போன் போட்டாள். தமிழ்செல்வி மட்டும் மதில் ஓரமாகத் தள்ளி நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. அவளும் ஏமாந்தவள்தான், ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

ஞானம்மாள் எழுந்து அவளிடம் போனாள். அறையப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"எனக்கு ஒம்மேல கோவம் போவல. போவுமான்னும் தெரியல."

"ஆங், அக்கா."

"ஆனா கேட்டுக்கு அந்தாண்ட ஓரத்துல இன்னும் ஒரு ஆளு எடம் காலியா கீது. வண்டி வந்துகினு கீது. வந்து ஒக்காரு."

தமிழ்செல்வி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தாள். பெட்டிகளை ஏற்றிய வண்டி எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று ஆரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.