புருவக்காரி

காரட் மசியலின் கடைசிக் கரண்டி வாய்க்குள் போனதும் பத்து மாத மகள் இரண்டு கைகளின் விரல் நுனிகளையும் குவித்து ஒன்றோடொன்று முட்டினாள். இன்னும் வேண்டுமாம். டிரைவருக்கு வாயெல்லாம் பல். டிரைவர் என்பது என் கணவர். நெடுந்தூர பஸ் ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில். பேச்சு வருவதற்கு முன்பே குழந்தைகளுக்குச் சைகை சொல்லிக்கொடுக்கலாம் என்று டிப்போவில் யாரோ காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து, மூன்று மாதமாக வீட்டிலிருக்கும் நாளெல்லாம் அதே வேலை. முஷ்டியை மூடித் திறந்தால் பால். விரல்கள் முட்டினால் இன்னும். கைகளை உதறினால் போதும்.

"பேசறதுக்கு முன்னாடியே பேசுறா பாரு. அப்பன் மூளை."

"அப்பன் மூளைன்னா ரூட்டு மாத்தினா திண்டாடிப் போயிடுவா," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தபோது அவள் என்னைப் பார்த்தாள். இடது கையைத் தூக்கி, உள்ளங்கையால் இடது புருவத்தை மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாகத் துடைப்பது போல இழுத்தாள். பிறகு இன்னொரு தடவை, என்னையே பார்த்தபடி.

கையிலிருந்த எவர்சில்வர் கிண்ணம் நழுவித் தரையில் விழுந்து சுற்றியது. அந்தச் சத்தத்துக்கு டிரைவர் நாற்காலியோடு துள்ளினார். மகள் துள்ளவில்லை. அதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி குனிந்து கிண்ணத்தை எடுத்தேன்.

என் இடது புருவத்தில் ஓர் இடைவெளி உண்டு. ஆறு வயதில் குழாயடியில் வழுக்கி விழுந்து பிளந்தது. அதன் பிறகு அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. என் தங்கைக்கு அதுதான் என் பெயர். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. எந்தப் பள்ளிக்கூடமும் சைகை மொழி சொல்லிக்கொடுக்கும் முன்னால், அவளே வீட்டுக்குள் ஒரு கைப்பேச்சை உண்டாக்கிவிட்டாள். மீசையை முறுக்கினால் அப்பா. பிடரியில் குவித்த கை அம்மாவின் கொண்டை. ஒரு விரலால் இடது புருவத்தைக் கோடிழுத்தால் நான், புருவக்காரி. உலகத்தில் வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டவள் போய் மூன்று வருடமாகிறது.

டிரைவருக்கு அவளைத் தெரியாது. எனக்கு ஒரு தங்கை இருந்தாள், காய்ச்சலில் போய்விட்டாள் என்பது வரைக்கும் தெரியும். பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள் ஹாஸ்டலில் படிக்கிறாள் என்று அம்மா சொன்னாள். கல்யாணத்தன்று பரீட்சை என்றாள். ஒரு பெண்ணுக்குக் காது கேட்காது என்றால் இன்னொரு பெண்ணின் வயிற்றையும் சந்தேகப்படுவார்கள் என்பது அம்மாவின் கணக்கு. அப்போது நான் தலையாட்டினேன். அலங்காரமெல்லாம் முடிந்து கிளம்பும்போது தங்கை கதவோரம் நின்று புருவத்தைத் தொட்டு, தன் நெஞ்சைத் தொட்டு, வாசலைக் காட்டினாள். நானும் வரட்டுமா என்றாள். அப்புறம் என்று சைகை செய்துவிட்டு வந்தேன்.

நாலே மாதத்தில், காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கிவிட்டதென்று அம்மா போன் செய்தாள். உடனே கிளம்பினால் டிரைவரும் கூடவே வருவார், வந்தால் பார்த்துவிடுவார். அவர் பஸ் எடுக்கும்வரை இரண்டு நாள் காத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் ஊசிக்குழாயைப் பிடுங்குகிறாள் என்று அவளுடைய இரண்டு கைகளையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தார்களாம். வாயைக் கட்டியிருக்கிறோம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். முடிச்சை அவிழ்த்திருந்தார்கள். மணிக்கட்டுகளில் துணியின் தடம் மட்டும் இருந்தது.

கிண்ணம் விழுந்த மறுநாள் அம்மாவுக்குப் போன் செய்தேன். போன மாதம் வந்து நாலு நாள் தங்கியிருந்தாள்.

"பாப்பாவுக்கு அவளோட கைப்பேச்சைச் சொல்லிக்குடுத்தியாம்மா?"

"நான் எதுக்குடி அதைச் சொல்லிக்குடுக்கப் போறேன்? அவ போனதுலேருந்து அந்தப் பேச்சே எடுக்கலையே நான்." பிறகு மெதுவாகக் கேட்டாள். "எந்தக் கையால செய்யுது?"

"இடது."

அம்மா போனை வைத்துவிட்டாள். தங்கைக்கு இடது கைப் பழக்கம்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, பயம் மட்டும் உண்டு. மூக்குக் கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. உள் அறையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்த வேண்டும். முதலாளியம்மா நல்ல மனுஷி என்பதால் மகளும் கூடவே வருவாள். கவுண்ட்டருக்குப் பின்னால் ஒரு தடுப்புக்குள் பொம்மைகளோடு உட்கார்ந்திருப்பாள். அங்கேயும் அவள் புருவத்தைத் துடைத்தாள். சில சமயம் என்னைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலே பார்த்துத் துடைத்தாள். சட்டென்று திரும்புவேன். சுவர் நிறையக் கண்ணில்லாத கண்ணாடிகள்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவளிடமே கெஞ்சினேன். "யாருடி சொல்லிக்குடுத்தா? அவளா வந்தா?" மகள் என் உதடுகளை ஆசையோடு பார்த்தாள். ஆறேழு மாதம்வரை ஆ ஊ என்று கத்திக்கொண்டிருந்தவள் இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை. அமைதியான பொண்ணு என்று டிரைவர் ஊரெல்லாம் பெருமை பேசுகிறார்.

அடுத்த முறை வந்தபோது அவர் கடையிலேயே உட்கார்ந்து மகளைப் படம் பிடித்தார், தன் அக்காவுக்கு அனுப்ப. சாயங்காலம் வீட்டில் அதை எனக்குப் போட்டுக் காட்டினார். தடுப்புக்குள் மகள் பால் கேட்கிறாள், போதும் என்கிறாள். அவளுக்குப் பின்னால் வாடிக்கையாளர்கள் முகம் பார்க்கும் பெரிய கண்ணாடியில் நான் உள் அறையிலிருந்து வருகிறேன்.

"இது என்ன பழக்கம் உனக்கு? ஒவ்வொரு தடவை வரும்போதும் தரையை ரெண்டு உதை உதைக்கிற. கரப்பானா?"

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் இருப்பவள் தடுப்பை நெருங்கும் முன் குதிகாலால் பலகைத் தரையை இரண்டு தடவை தட்டுகிறாள். அதிர்வு பட்டதும் குழந்தை நிமிர்கிறது. உடனே அவள் ஒரு விரலால் தன் புருவத்தைக் கோடிழுக்கிறாள். நான்தான், வந்துவிட்டேன். மறுபடி உள்ளே போகிறாள், வருகிறாள், தட்டுகிறாள், கோடிழுக்கிறாள். ஏழு நிமிடத்தில் ஐந்து தடவை. தங்கையின் அறைக்குள் பதினேழு வருடம் நான் அப்படித்தான் நுழைந்தேன். அவளைத் திடுக்கிட வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

எப்போதிலிருந்து இப்படிச் செய்கிறேன் என்று யோசித்தேன். தெரியவில்லை. வாய் பத்து மாதமாக மறைத்ததைக் கை மறைக்கவில்லை, அவ்வளவுதான். பிறந்த மூன்றாம் நாள் செய்த காதுப் பரிசோதனையில் சரியாக வரவில்லை, ஒரு மாதத்தில் மறுபடி கொண்டுவாருங்கள் என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது காது கேட்காமல் இருந்ததா என்று அன்று கேட்டபோது, இல்லை என்றேன். அட்டை கடையில் என் திருகாணி டப்பாவின் அடியில் கிடந்தது. எத்தனை தடவை அந்த டப்பாவைத் திறந்திருப்பேன்! தங்கையை ஒளித்து வைத்த மாதிரி மகளையும் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

போனில் புருவத்தைக் கோடிழுத்தது என் வலது கை. மகள் இடது கையால் செய்கிறாள். எதிரே இருந்து பார்க்கிற குழந்தைக்கு என் வலது கை அவளுடைய இடது பக்கத்தில்தான் தெரியும், அதனால் இடது கை வருகிறது என்று சொல்லிக்கொண்டேன். பாதிதான் நம்பினேன்.

மறுநாள் காலை கடைக்குப் போய் அட்டையை எடுத்துவந்து டிரைவர் முன்னால் வைத்தேன். அவர் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டையை மாட்டினார்.

பரிசோதனை அறையின் சுவர்களில் பஞ்சு பொதிந்திருந்தது. அங்கே நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும். பரிசோதிக்கிற பெண் மகளின் நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் வயர்களை ஒட்டினாள். படிவத்தைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டாள்.

"அப்படி யாரும் இல்லைங்க," என்றார் டிரைவர்.

"என் தங்கச்சிக்குக் கேக்காது," என்றேன்.

டிரைவர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. பரிசோதிக்கிற பெண் எழுதிக்கொண்டே சொன்னாள்.

"வயரை இழுத்துடுவா. ரெண்டு கையையும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்குங்கம்மா."

மகளின் மணிக்கட்டுகள் என் இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தன. இடது கை உள்ளுக்குள் முண்டியது. ஒட்டியது பிய்ந்தால் திரும்ப ஒட்டிக்கொள்ளட்டும் என்று பிடியை விட்டேன். கை வயரையெல்லாம் தள்ளிக்கொண்டு புருவத்துக்குப் போயிற்று.